சவலைக்குட்டி

"தேறாது வாத்தியாரய்யா! அதன் தலையெழுத்து அவ்வளவுதான். எடுத்து வேலியோரம் வைத்துவிடலாம்" என்றார் பெரியவர்.

"இயற்கையின் தீர்ப்பு, ஐயா! வலுத்தது வாழும், இளைத்தது மாயும். இதிலே நாம் குறுக்கிடுவது பகுத்தறிவாகுமா?" என்றான் மாணவன்.

பெரியவர், எங்கள் பள்ளியின் இரவுக் காவற்காரர். நெற்றி நிறைய நீறு. வாய் நிறைய முருகன். மாணவன், பதினோராம் வகுப்பு. மாலைதோறும் படிப்பகத்துக்குப் போகிறவன்; நம் ஏடுகளை எழுத்து விடாமல் படிக்கிறவன்; கோயில் திருவிழா வந்தால் பெரியவரோடு வாதுக்கு நிற்கிறவன். ஒருவர் கிழக்கு என்றால் மற்றவர் மேற்கு என்பார். அப்படிப்பட்ட இருவரும், சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து மழைநாள் காலையிலே, ஒரே முடிவுக்கு வந்து நின்றார்கள். அந்த முடிவு: "விட்டுவிடு, சாகட்டும்."

அவர்களை ஒன்றுசேர்த்தது, 150 கிராம் எடையுள்ள ஒரு நாய்க்குட்டி.

பள்ளிச் சமையற்கூடத்துக்குப் பின்னாலே, விறகு அடுக்கிவைக்கும் தாழ்வாரத்திலே, தெருநாய் ஒன்று ஆறு குட்டிகளை ஈன்றிருந்தது. ஐந்து, தாயின் வயிற்றை மொய்த்துக்கொண்டு கிடந்தன. ஆறாவது, ஒரு முழம் தள்ளி, ஈரத்தரையிலே தனித்துக் கிடந்தது. பெட்டைக்குட்டி. ஆய்வுக்கூடத் தராசிலே வைத்து நிறுத்தோம். மற்றவை 280, 290, 300 கிராம் என்று நின்றன. இது அவற்றில் பாதி. தொட்டால் தவளையைத் தொட்டதுபோலத் தண்ணென்றிருந்தது. வாயைத் திறந்தது, ஒலி வரவில்லை.

"தாயே மூக்காலே தள்ளிவிட்டதைக் கண்ணாலே பார்த்தேன். பெற்றவளே கைவிட்டபிறகு நாம் என்ன செய்வது?" என்று பெரியவர் பெருமூச்செறிந்தார்.

தோழர்களே! ஒரு நாய்க்குட்டியின் கதையைச் சொல்லவா ஏடும் இடமும் என்று சினவாதீர்கள். அன்று அந்தத் தாழ்வாரத்திலே நடந்தது ஒரு வழக்கு. குற்றவாளிக் கூண்டிலே நின்றது குட்டியன்று, நம்முடைய பகுத்தறிவு. பெரியவரை மறுக்க எனக்குப் பயிற்சி உண்டு. தலையெழுத்தாவது, பிரமனாவது என்று கல்லூரி நாளிலிருந்து மேடையிலே பேசியவன் நான். ஆனால் மாணவனை மறுக்க நாவெழவில்லை. டார்வினைச் சொல்லுகிறான், இயற்கையைச் சொல்லுகிறான், நாம் கற்றுக்கொடுத்ததைத்தானே திருப்பிச் சொல்லுகிறான்! அறிவு அவன் பக்கமும், இரக்கம் என் பக்கமுமாகப் பிரிந்து நிற்பதுபோல ஒரு மயக்கம். அறிவையும் இரக்கத்தையும் பகையாக்கி வைத்தால், ஒன்று நாம் கல்நெஞ்சராக வேண்டும். இல்லையேல் கண்மூடிகளாக வேண்டும். இரண்டும் நமக்கு வேண்டாம்.

ஆகவே, வாதத்தை ஒத்திவைத்து, குட்டியைக் கைக்குட்டையிலே சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

* * *

மருத்துவர் தலையெழுத்தைப் படிக்கவில்லை; வெப்பமானியைப் படித்தார். "பால் கொடுத்தீர்களா?" என்றார். "இன்னும் இல்லை" என்றேன். "நல்லவேளை! கொடுத்திருந்தால் செத்திருக்கும்" என்றார்.

எனக்கு வியப்பு. பசித்த உயிருக்குப் பால் நஞ்சாகுமா? அவர் விளக்கினார். புதிதாகப் பிறந்த நாய்க்குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. முதல் வாரத்திலே குளிரிலே நடுங்கக்கூட அதற்குத் தெரியாது. தாயின் வயிறும், உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கமுமே அதன் அடுப்பு. அந்நாட்களிலே அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 35 முதல் 37 டிகிரி செல்சியசு இருக்கவேண்டும். 34 அளவுக்கு இறங்கிவிட்டால் குடல் இயங்குவது நின்றுபோகும். உறிஞ்சும் ஆற்றலும் ஒடுங்கிவிடும். அந்நிலையிலே பாலைப் புகட்டினால், அது வயிற்றிலே செரியாமல் கிடந்து கெடும். அல்லது மூச்சுக்குழாயிலே புகுந்து கொல்லும். முதலில் வெப்பம், பிறகே பால். வெப்பமும் மெல்ல மெல்ல ஏறவேண்டும். நெருப்பருகே நீட்டிச் சுட்டுவிடலாகாது.

அட்டைப்பெட்டி ஒன்று. அதனுள்ளே பழைய வேட்டித்துணி. துணி சுற்றிய வெந்நீர்க் குப்பி ஒரு பக்கத்திலே மட்டும்; வெப்பம் மிகுந்தால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் வெறுமை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றவேண்டும். இவ்வளவுதான் மருத்துவம். மந்திரமில்லை, மாயமில்லை, செலவும் பெரிதில்லை.

மாலைக்குள் குட்டி அசைந்தது. மெல்லிய ஒலி ஒன்று எழுப்பிற்று. மருத்துவர் சொன்னபடி அதைத் தாயிடம் கொண்டுபோய், மடியருகே வைத்தோம். பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாணவன் குறிப்பேட்டோடு நின்றான். தாய் முகர்ந்தது. ஒருகணம் தயங்கிற்று. பிறகு நாவை நீட்டி, தலைமுதல் வால்வரை நக்கி, முன்காலாலே அணைத்துக்கொண்டது!

காலையிலே தள்ளிய அதே தாய். மாலையிலே அணைத்தது அதே குட்டியை. இடையிலே மாறியது என்ன? குட்டியின் முற்பிறப்பா? அதன் குலமா, குணமா? வெப்பமானியிலே மூன்று நான்கு கோடுகள், அவ்வளவே! குளிர்ந்துபோன குட்டியைத் தாய்நாய் ஒதுக்கிவிடுவது வழக்கமாம். "இது வாழத் தகாதது" என்று தாய் தீர்ப்பெழுதவில்லை. "இது குளிர்ந்திருக்கிறது" என்பது மட்டுமே அதன் மூக்குக்குத் தெரிந்தது. அதைத் தீர்ப்பாக்கியவர்கள் நாம். பெரியவர் அதற்குத் தலையெழுத்து என்று தலைப்பிட்டார். மாணவன் இயற்கைத் தேர்வு என்று தலைப்பிட்டான். வெப்பமானியை வைத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. நேர்மையாகச் சொன்னால், எனக்கும் தோன்றவில்லை.

நம் மொழியிலே இத்தகைய குட்டிக்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது. நோஞ்சான் என்கிறோம், அது தோற்றத்தைச் சொல்லுவது. சவலை என்கிறோமே, அது காரணத்தைச் சொல்லுவது! தாய்ப்பால் போதாமல் மெலிந்த பிள்ளைக்குச் சவலைப்பிள்ளை என்று பெயர். பிறவிக் குறை என்று அந்தச் சொல் பேசவில்லை; பால் கிட்டாத குறை என்று பேசுகிறது. மருத்துவரும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார். ஒரே ஈற்றிலே ஒரு குட்டி சிறுத்துப்போவதற்குப் பல காரணங்கள் உண்டு. உள்ளுறுப்புகளிலே பிறவிப் பழுது இருக்கலாம். அப்படியானால் அது வேறு கதை. ஆனால் பலவேளைகளிலே, கருப்பையிலே நஞ்சுக்கொடி பொருந்திய இடமும், அங்கே கிடைத்த குருதியின் அளவுமே காரணமாகிவிடுகின்றன. பிறந்தபின்னோ, பால் நிறைந்த காம்பை வலுத்த குட்டிகள் பற்றிக்கொள்கின்றன, சிறியது தள்ளப்படுகிறது. தள்ளப்பட்டதால் குளிர்கிறது, குளிர்ந்ததால் உறிஞ்ச மாட்டாமல் போகிறது, உறிஞ்சாததால் மேலும் இளைக்கிறது, இளைத்ததால் மேலும் தள்ளப்படுகிறது. முதல் ஒருநாளிலே கிடைக்கவேண்டிய சீம்பால், நோயைத் தடுக்கும் ஆற்றலைத் தருவது, அதுவும் தவறிவிடுகிறது. பிறகு நாம் வந்து பார்த்து, "பாருங்கள், எவ்வளவு இளைப்பு! இது பிறவியிலேயே மட்டம்" என்கிறோம்.

தோழர்களே, இந்தப் பேச்சை வேறெங்கேயோ கேட்டதுபோல் இல்லையா?

* * *

வீழ்ந்தவனைக் கண்டால் கைகொடுக்கும் வேலையிலிருந்து தப்பிக்க, உலகம் கண்டுபிடித்த வழி ஒன்றுண்டு. வீழ்ச்சிக்குக் காரணம் வீழ்ந்தவனிடமே இருக்கிறது என்று சொல்லிவிடுவது!

பாரதத்தின் கடைசியிலே ஒரு காட்சி. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் இமயத்தை நோக்கி நடக்கின்றனர். பின்னாலே ஒரு நாய். வழியிலே திரௌபதி விழுகிறாள். அவளுக்குப்பின் சகாதேவன், நகுலன், அருச்சுனன், கடைசியிலே வீமன் என்று ஒவ்வொருவராக விழுகின்றனர். தருமர் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து தூக்கவில்லை. ஏன் விழுந்தாள், ஏன் விழுந்தான் என்று வீமன் கேட்கும்போதெல்லாம் ஒரு குற்றத்தைச் சொல்லுகிறார்: அவள் அருச்சுனனிடம் மட்டும் மிகுந்த அன்பு வைத்தாள்; இவன் அறிவிலே செருக்குற்றான்; அவன் அழகிலே செருக்குற்றான்; இவன் வில்லாற்றலைப் பற்றி வீம்பு பேசினான்; வீமனோ பெருந்தீனி தின்றான்! தண்ணீர் தந்தாரா? தோள் தந்தாரா? இல்லை. காரணம் தந்தார்! பிறகு விண்ணுலக வாயிலிலே, நாயை விட்டு வரமாட்டேன் என்று வாதிடுகிறார். நெஞ்சைத் தொடும் இடம்தான். ஆனால் அந்த நாயும் நாயாக இருக்கவில்லை. அறக்கடவுளே நாய் வடிவில் வந்ததாம். நாய் நாயாகவே இருந்துவிட்டால், அதற்குக் காட்டிய அன்புக்கு மதிப்பில்லையோ? கூட நடந்த உயிர் என்பது போதாதோ?

இது பழமையின் கதை. இதைக் கேட்டு நகைக்க நமக்குத் தெரியும். ஆனால் புதுமையின் கதையும் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு நாம் நடுங்கவேண்டும்.

டார்வினின் நூல் 1859-இல் வந்தது. "தக்கது வாழும்" என்று நாம் சுருக்கிச் சொல்லும் தொடரை ஆக்கியவர் அவரல்லர். எர்பர்ட்டு ஸ்பென்சர், 1864-இல். டார்வின் அதைப் பிற்பாடு 1869 பதிப்பிலே எடுத்தாண்டார். "தக்கது" என்பதற்கு அங்கே பொருள், வலுத்தது என்பதன்று, சிறந்தது என்பதுமன்று. அந்தச் சூழலுக்குப் பொருந்தி, வழித்தோன்றல்களை விட்டுச்சென்றது என்பது மட்டுமே. கரப்பான்பூச்சியும் தக்கதுதான், அதற்காக யாரும் அதனிடம் அறம் கற்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சொல், ஆதிக்கக்காரர் கையிலே அகப்பட்டது. ஆலையிலே தொழிலாளி பட்டினி கிடந்தால் இயற்கை விதி. அடிமை நாட்டார் அடிமையாயிருந்தால் இயற்கை விதி என்றனர். டார்வினின் உறவினரான பிரான்சிசு கால்டன் 1883-இல் "நல்லினப் பெருக்கம்" என்று ஒரு துறைக்கே பெயர் சூட்டினார். செருமனியிலே, 1933-இல் நாசி ஆட்சி, பரம்பரை நோயுடையோர் என்று தான் முடிவுகட்டியவர்களைக் கட்டாயமாக மலடாக்கச் சட்டம் செய்தது. 1939-இல் தொடங்கி 1941 ஆகஸ்டுக்குள், மருத்துவ நிலையங்களிலே இருந்த மனநோயாளிகளும் உடற்குறையுடையோருமாக 70,000-க்கு மேற்பட்டோர் நச்சுப்புகையிட்டுக் கொல்லப்பட்டனர். தலையெழுத்தின் பேரால் நடந்ததன்று அது. அறிவியலின் பேரால் நடந்தது. பூசாரி செய்யவில்லை, மருத்துவச் சட்டை போட்டவர் செய்தார்.

இதற்கு டார்வினே பொறுப்பா? 1871-இல் மனிதனின் தோற்றத்தைப் பற்றி எழுதிய நூலிலே, நலிந்தோரைக் காப்பதால் இனம் மெலியுமோ என்ற ஐயத்தை அவர் எழுதத்தான் செய்தார், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அதே இடத்திலேயே, நலிந்தோரைக் கைவிட்டால் நம் இயல்பின் உயர்ந்த பகுதியே சீரழியும் என்றும் எழுதினார். அவருடைய தளபதியாக நின்று வாதாடிய தாமசு அக்சுலி, 1893-இல் ஆக்சுபோர்டிலே ஆற்றிய சொற்பொழிவிலே இன்னும் தெளிவாக்கினார்: சமுதாயத்தின் அறவளர்ச்சி, இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதிலே இல்லை, அதை எதிர்த்து நிற்பதிலே இருக்கிறது என்று.

நமக்கோ, அயல்நாட்டு அறிஞர்வரை போகவேண்டியதும் இல்லை. "இது இயற்கைக்கு மாறு" என்று பெண்ணின் விடுதலையை மறித்தவர்களுக்குப் பெரியார் தந்த விடை, "பெண் ஏன் அடிமையானாள்?" நூலிலே இருக்கிறது. மனிதன் வாழும் வாழ்வே இயற்கைக்கு மாறான செயற்கை வாழ்வுதானே, நன்மை கருதி இதையும் மாற்றினால் என்ன கெட்டுவிடும் என்பது அவர் கேள்வியின் சாரம். உடுக்கும் உடை இயற்கையா? அம்மைத் தடுப்பூசி இயற்கையா? மூக்குக்கண்ணாடி இயற்கையா? சாதியை இயற்கை என்றார்கள். பெண்ணடிமையை இயற்கை என்றார்கள். இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் கைகட்டி நிற்பதென்றால், நாம் கடவுளை வாயில்வழியாக வெளியேற்றிவிட்டு, அதே கடவுளைச் சன்னல்வழியாக வேறு பெயரிலே உள்ளே விட்டுவிட்டோம் என்பதன்றோ பொருள்?

இயற்கையை ஆராய்வது பகுத்தறிவு. இயற்கைக்கு அடிபணிவது பக்தி. என்ன நடக்கிறது என்பதை இயற்கை சொல்லும். என்ன செய்யவேண்டும் என்பதை நாம்தான் சொல்லவேண்டும். அந்தப் பொறுப்பை யார் தலையிலும் கட்டிவிட முடியாது.

* * *

இந்த உண்மையை மனிதப் பிள்ளைகள் வாழ்விலேயே கண்டிருக்கிறோம். 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளையை எடைகுறைந்த பிள்ளை என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகிறது. அத்தகைய பிள்ளைகளை "நிலைக்காது" என்று ஒதுக்கிய காலம் இருந்தது. பாரிசு நகரத்து மகப்பேற்று மருத்துவர் தார்னியே, உயிர்க்காட்சிச் சாலையிலே கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப்பெட்டியைக் கண்டு, 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே பிள்ளைகளுக்கும் அதுபோல ஒன்றை அமைத்தார். இறந்தே தீரும் என்று எண்ணப்பட்ட பிள்ளைகளிலே பலர் வளர்ந்து ஆளாயினர். கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரத்திலே, வெப்பப்பெட்டிகள் போதாத மருத்துவமனையிலே, 1978-இல் மருத்துவர் எட்கர் ரே ஒரு வழி கண்டார். தாயின் மார்போடு மார்பாகப் பிள்ளையைக் கட்டிவைத்தார். கங்காரு முறை என்று அது உலகெங்கும் பரவியது. பெட்டியும் வெப்பம், தாய்மார்பும் வெப்பம். எத்தனை பிள்ளைகளின் "ஊழ்", ஒரு போர்வையளவு வெப்பத்திலே கரைந்துபோயிருக்கிறது!

பள்ளியிலே பணிபுரிகிறவன் நான். ஆகவே இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். பசியோடு வரும் பிள்ளை, வகுப்பிலே தூங்குகிறது. தூங்கும் பிள்ளையை மந்தம் என்கிறோம். மந்தம் என்று பெயரிட்ட பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறோம். கடைசி வரிசையிலே கற்காமற்போன பிள்ளையைப் பார்த்து, "அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது" என்கிறோம். விறகுத் தாழ்வாரத்திலே நடந்த அதே வட்டம்! அதை உடைக்க, தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பகலுணவு கொடுக்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் ஆட்சி அதை மாநிலம் தழுவச் செய்தது. 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலையுணவும் வந்தது. ஒவ்வொருமுறையும், "சோறு போட்டால் படிப்பு வந்துவிடுமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சோறு மூளையைச் செய்வதில்லை, தோழர்களே. இருக்கும் மூளையின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பசியை இறக்கிவைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒடுக்கப்பட்ட மக்களை நாய்க்குட்டியோடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ளலாகாது. குட்டிக்கு நாம் காட்டுவது இரக்கம். அதற்கு உரிமை கேட்க வாயில்லை. மனிதன் கேட்பது உரிமை. அவனுக்கு இரக்கத்தை நீட்டுவது இழிவு. ஒப்புமை குட்டிக்கும் மனிதனுக்கும் அன்று. தள்ளிவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் நம் பழக்கம், தாழ்வாரத்திலும் வகுப்பறையிலும் ஒன்றே என்பதுதான். நாயிடம் அந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொண்டவன், மனிதனிடம் வரும்போது அதைக் கழற்றிவைத்துவிட்டு வருவதில்லை.

* * *

கதைக்குத் திரும்புகிறேன். வெற்றி முரசு கொட்டி முடிக்கக்கூடிய கதையன்று இது.

முதல் வாரம் முழுவதும் இரண்டு மணிக்கொருமுறை வேலை. வலுத்த குட்டிகளைச் சற்றே விலக்கிவைத்து, சிறியதைப் பால் நிறைந்த காம்பிலே பத்து நிமிடம் பிடித்துக்கொள்வோம். பிறகு மற்றவற்றை விடுவோம். அவற்றுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. போதாத வேளையிலே, மருத்துவர் தந்த மாற்றுப்பாலைச் சொட்டுக்குழல் வழியே புகட்டுவோம். பசுவின்பால் போதாது, நாய்ப்பாலிலே கொழுப்பும் புரதமும் அதைப்போல் இருமடங்கு, பால்சர்க்கரையோ குறைவு. மல்லாத்திப் புகட்டலாகாது, குப்புறப் படுத்த நிலையிலேயே புகட்டவேண்டும். ஒவ்வொரு நாளும் எடை. 150, 152, 149 – அன்று எல்லோர் முகமும் வாடிற்று – 158, 167...

எல்லோர் கண்ணும் சிறியதன்மேல் இருந்தது. அதனால் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். நல்ல எடையோடு பிறந்த ஆண்குட்டி ஒன்று, நான்காம் நாள் இரவு இறந்தது. காலையிலே மருத்துவர் வாயைத் திறந்து காட்டினார்: மேலண்ணம் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கேறி, நுரையீரலிலே இறங்கியிருக்கிறது. முதல்நாளே ஒவ்வொரு குட்டியின் வாயையும் திறந்து பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. அது கொழுகொழு என்று இருந்ததாலே, அதற்கு ஒரு குறையும் இராது என்று கண் தீர்ப்பளித்துவிட்டது. சிறியது சாகும் என்று சொன்ன அதே கண்! இரண்டு தீர்ப்பும் பிழை. ஒரு பிழையைத் திருத்த நேரம் இருந்தது, மற்றதற்கு இல்லை. அந்தக் குற்றம் என்னைச் சேர்ந்தது. எந்த விதியின் தலையிலும் அதைச் சுமத்தமாட்டேன்.

குழி தோண்டி மூடும்போது மாணவன் கேட்டான்: "ஐயா, இந்தச் சிறியதும் நாளை செத்துப்போனால்? இத்தனை இரவு விழித்ததும் வீண்தானே?"

எளிதில் விடைசொல்லிவிடக் கூடிய கேள்வியன்று. நானும் இரண்டுநாள் எண்ணிப்பார்த்தேன். வெற்றி கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் உதவுவது என்றால், அதன் பெயர் வாணிகம். முயன்று பார்த்து, முடியாது என்று அறிந்தபின் கைவிடுவது, அறிவு. அங்கே நமக்குக் கிடைப்பது துயரம், ஆனால் இழிவில்லை. முயலுமுன்பே முடியாது என்று தீர்ப்பெழுதுவது, மூடநம்பிக்கை. அதை எழுதியது பஞ்சாங்கமானாலும் சரி, பாடநூலானாலும் சரி. பிளந்த அண்ணம் இயற்கை போட்ட பூட்டாக இருக்கலாம். குளிர்ந்த உடல் பூட்டே அன்று. வெறுமனே சாத்திய கதவு. எது பூட்டு, எது கதவு என்பது, எழுந்துபோய்த் தள்ளிப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

மற்றொருவர் கேட்டார்; நண்பர், நம்மவர். "மனிதப் பிள்ளைகளே பாலின்றித் தவிக்கும் நாட்டிலே, நாய்க்குட்டிக்குப் பாலா?" கேள்வி நேர்மையானது. பிள்ளையின் பாலைப் பிடுங்கி நாய்க்கு ஊற்றினால், அது அறமன்று, ஆடம்பரம். பாலபிடேகம் என்று கல்லுக்குக் குடம்குடமாக ஊற்றுகிறவர்களைக் கண்டித்த நாம், அதை மறக்கலாகாது. ஆனால் நாங்கள் செலவிட்டது பெரும்பாலும் வெந்நீரும் விழித்த இரவும். அந்த இரவுகளிலே நாங்கள் விழிக்காமல் தூங்கியிருந்தால், எந்த ஏழைப் பிள்ளையின் பசி தீர்ந்திருக்கும்? இரக்கம் கிணற்று நீரைப்போன்றது, இறைக்கிறவனுக்குத்தான் ஊறும். ஊற்றை மூடிவைத்துக் காப்பாற்றியவர் எவருமில்லை.

இன்னொரு கடமையும் உண்டு. உயிரைக் காத்துத் தெருவிலே விட்டுவிடுவது பாதி வேலை. வெறிநாய்க்கடிக்கு இந்நாட்டிலே இன்றும் ஏழைகளும் சிறுவர்களும் இரையாகிறார்கள். பாசுடர் 1885-இலேயே மனிதருக்கு அந்நோய்த் தடுப்பு ஊசி போட்டுக் காட்டிவிட்டார்; அறிவு இருந்தும் சாவு தொடர்கிறது. ஆகவே குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து, உரிய வாரங்களிலே தடுப்பூசி, மூன்றாம் மாதத்திலே வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு தாய்க்கும் பெட்டைக்குட்டிக்கும் கருத்தடை – எல்லாம் செய்தோம். பெட்டைக்குட்டி என்றால் சாக்கிலே கட்டிக் குப்பைமேட்டிலே எறிகிற ஊர்களிலே, இதுவே ஒரு சீர்திருத்தம்தான்! மெய்யான இரக்கம், கண்ணீரோடு நிற்பதில்லை, நாட்குறிப்பும் வைத்திருக்கும்.

* * *

பதின்மூன்றாம் நாள் கண் திறந்தது. பிறந்த எடை இருமடங்காகப் பத்து நாள் என்பது மருத்துவர் கணக்கு. இதற்குப் பதினாறு நாள் ஆயிற்று. மாணவர்கள் "குன்றிமணி" என்று பெயரிட்டார்கள். முன்பு பொன்னை நிறுக்கப் பயன்பட்ட மணி. சிறியது, ஆனால் கணக்கிலே சேர்வது.

இப்போது பள்ளி வாயிலிலே இருக்கிறது. உடன்பிறந்தவற்றைவிட இன்னும் சிறியதுதான். திருடனைப் பிடித்ததா, குளத்திலே விழுந்த குழந்தையைக் காத்ததா என்று கேட்பீர்கள். கதைகளிலே அப்படித்தானே முடியும்! ஒன்றுமில்லை. வெயிலிலே படுத்திருக்கிறது, மணியடித்தால் வாலாட்டுகிறது. காப்பாற்றியதற்கு அது எந்தக் கைம்மாறும் செய்யவில்லை, செய்யவேண்டியதும் இல்லை. பயன்பட்டால்தான் வாழலாம் என்ற நிபந்தனையை உயிர்களுக்கு விதிக்க நாம் யார்?

கடைசியாக, பெரியவரைப் பற்றி ஒரு சொல். அந்த முதல் வாரத்து இரவுகளிலே, மணிக்கொருமுறை வெந்நீர் மாற்றியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நான் வீட்டிலே அயர்ந்து உறங்கிய இரவுகளும் உண்டு. மாணவனுக்குத் தேர்வு. அடுப்பை மூட்டி, நீரைக் காய்ச்சி, புறங்கையிலே சூடு பார்த்து, குப்பிக்குத் துணி சுற்றி வைத்தவர், "தலையெழுத்து" என்று சொன்ன அதே பெரியவர்! வாய், விதி என்றது. கை, வெந்நீர் வைத்தது. அவர் வாயைத் திருத்த நாம் மேடை போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் அவர் கையைப் பார்த்து நாம் கற்கவேண்டியதும் இருக்கிறது. நம் வாயிலே பகுத்தறிவு இருக்கிறது. நம் கை என்ன செய்துகொண்டிருக்கிறது?

மாணவன் இப்போதும் டார்வினைப் படிக்கிறான், படிக்கட்டும். அவன் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலே அன்று எழுதிய எண் மட்டும் அடிக்கோடிட்டு இருக்கிறது: 150 கிராம். அதன் கீழே ஒரு வரி. "தீர்ப்புக்கு முன், தொட்டுப் பார்."

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு தாழ்வாரம் இருக்கிறது. போய்த் தொட்டுப் பாருங்கள்.